கூடுவாஞ்சேரி வரை வந்த நாணயம்

இன்று காலை லேப்புக்குக் கிளம்பி கேம்ப் ரோடு திருப்பத்துக்கு வந்தபோது நிலவேம்புக் கஷாயத்தின் வாசனை அடித்தது. மழைக்காலம் தொடங்கினால் சுகாதாரத் துறை ஆட்கள் எவர்சில்வர் டிரம்மில் காய்ச்சி எடுத்துவந்து தெருமுனையில் ஊற்றிக் கொடுப்பார்களே, அதுதான். ஒரு பெண் பேப்பர் கப்பை நீட்டி, "குடிங்க அக்கா, டெங்கு அண்டாது" என்றாள். வாங்கிக் குடித்தேன். கசப்பு தொண்டையைத் தாண்டுவதற்குள் கண் கலங்கிவிட்டது. "ரொம்பக் கசக்குதா?" என்று சிரித்தாள். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு நடந்தேன்.

உன்னிடம் சொல்ல வேண்டியது நிறையச் சேர்ந்துவிட்டது. உன் நாணயம் என்ன ஆயிற்று என்று உனக்குத் தெரியாது. நீ போன பிறகுதான் அதற்கு அத்தனையும் நடந்தது. லேப்பில் கூட்டம் ஓய்ந்த மத்தியானம் இது. எதிரே ரத்தம் சுற்றும் மெஷின் இரைந்துகொண்டிருக்கிறது. உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ எட்டாம் வகுப்பில் கண்ணாடி போட்டுக்கொண்ட அன்று கடை வாசலிலேயே கேட்டாய்: "இனிமே என்னை ராக்கெட்ல ஏத்த மாட்டாங்களாம்மா?" நான் சிரித்துவிட்டேன். நீ சிரிக்கவில்லை. பிறகு இன்ஜினியரிங் படித்தாய், ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாய், தினமும் கம்பெனி பஸ்ஸில் படப்பை வழியாகப் போய்வந்தாய். ராக்கெட்டைப் பற்றி அப்புறம் நீ பேசவில்லை. மறந்துவிட்டாய் என்றே நினைத்திருந்தேன்.

அந்த ஜெர்மன்காரர் வந்த பிறகுதான் எல்லாம் ஆரம்பித்தது. உன் கம்பெனியில் புது மெஷின் பொருத்த வந்தவர், நரைத்த தாடி வைத்த பெரிய மனிதர். ஒரு சனிக்கிழமை அவர் உன்னைக் கூட்டிக்கொண்டு வண்டலூர்ப் பக்கம் ஒரு பாறை இடுக்கைத் தேடிப் போனார். வீட்டுக்கு வந்து நீ மூச்சுவிடாமல் சொன்னாய். உலகம் முழுக்க ஆட்கள் சின்னச் சின்னப் பெட்டிகளை ஒளித்துவைத்து, இடத்தை இணையத்தில் போட்டுவிடுகிறார்கள். மற்றவர்கள் போனைப் பார்த்துத் தேடிக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் காகிதத்தில் பெயர் எழுதிவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிடுகிறார்கள். இதற்குப் பெயர் ஜியோகேச்சிங்.

"சரி, இதுல என்னடா கிடைக்குது?" என்று அப்பா கேட்டார்.

"ஒண்ணும் கிடைக்காதுப்பா. தேடுறதுதான்."

முப்பது வருஷத்துக்கு மேல் கடற்கரைக்கும் செங்கல்பட்டுக்கும் நடுவே மின்சார ரயிலில் கார்டாகப் போய்வந்தவருக்கு இது புரியவில்லை. எனக்கும் பாதிதான் புரிந்தது.

அடுத்த மாதமே அந்த நாணயத்தை வரவழைத்தாய். என் உள்ளங்கையில் வைத்தபோது அதன் கனம் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஒரு பக்கம் விண்வெளி வீரர் ஒருவர் கயிறில்லாமல் மிதக்கிறார். மறுபக்கம் நீல எனாமலில் கோள்களின் பாதைகள். விளிம்பில் ஓர் எண். கண்டெடுப்பவர் அந்த எண்ணை இணையத்தில் பதிந்துவிட்டு வேறொரு பெட்டிக்குக் கொண்டுபோக வேண்டும். அப்படியே ஆள்மாறி ஊர்மாறிப் போய்க்கொண்டே இருக்கும். அதற்கென்று ஒரு பக்கம் உண்டு. அதில் சொந்தக்காரரின் விருப்பத்தை எழுதலாம். நீ இங்கிலீஷில் எழுதி எனக்குத் தமிழில் சொன்னாய்: "நான் தாம்பரத்திலிருந்து கிளம்புகிறேன். எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் கொண்டுபோங்கள். திரும்பக் கொண்டுவர வேண்டாம்."

"திரும்பி வர்ற மாதிரி எழுதுடா" என்றார் அப்பா. "போன பொருள் வீடு வந்து சேர வேணாமா?"

"அது என்ன உங்க செங்கல்பட்டு லோக்கலாப்பா, போயிட்டுப் போயிட்டு வர்றதுக்கு?"

அப்பா கோபப்படுவார் என்று பார்த்தேன். அவரும் சிரித்துவிட்டார்.

அதை அனுப்பிவைக்க நீயே ஒரு பெட்டி ஒளித்தாயே, அந்த ஞாயிற்றுக்கிழமை என் நினைவில் அப்படியே இருக்கிறது. கூடுவாஞ்சேரிக்கு அப்பால், ஷேர் ஆட்டோவில் போய் இறங்கி நடந்தால் ஒரு சின்ன ஏரி. கரையில் உபயோகமில்லாத பழைய மதகு ஒன்று, கல் பெயர்ந்து கிடந்தது. நீ டிபன் டப்பாவில் பென்சிலும் காகிதமும் நாணயமும் வைத்து, மதகுக் கல்லின் அடியில் கையை விட்டுக்கொண்டிருந்தாய். யாராவது வருகிறார்களா என்று பார்ப்பது என் வேலை. நான் போனில் பேசுவதுபோல நடித்துக்கொண்டு, பைக்கில் வந்த போலீஸ்காரரைக் கவனிக்காமல் விட்டேன்.

"இன்னாம்மா இங்க? அந்தத் தம்பி இன்னாத்த பொதைச்சிக்கினு கீது?"

நீ டப்பாவைத் திறந்து காட்டினாய். அவர் ஓரடி பின்னால் போய் நின்று எட்டிப் பார்த்தார்.

"வெடிக்கிற ஐட்டம் ஒண்ணும் இல்லியே?"

"பென்சிலும் பேப்பரும்தான் சார்."

நாணயத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது யாரு, ஹெல்மெட் போட்டுக்கினு?"

"விண்வெளி வீரர் சார். அடுத்த வாரம் ஜெர்மனிக்குப் போறாரு."

"எங்க ஏரியாவுல பசங்க ஹெல்மெட் போடறதே பெருசு" என்று உன் தலையைப் பார்த்தார். நீ வெறுந்தலையோடு பைக் ஓட்டுபவன் என்பது அவருக்கு எப்படித் தெரிந்ததோ. "பேஜாரு புடிச்ச பசங்கப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் வண்டி மறைந்ததும் நீ கரையிலேயே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். உன் சிரிப்புச் சத்தத்துக்கு நீரில் நின்ற கொக்கு ஒன்று எழுந்து பறந்தது.

ஜெர்மன்காரர் அதை எடுத்துப்போனார். அதற்கப்புறம் நம் வீட்டு ஞாயிற்றுக்கிழமைகள் மாறிவிட்டன. சாப்பாடு முடிந்ததும் நீ போனை எடுத்து அது எங்கே இருக்கிறது என்று வாசிப்பாய். ஆல்ப்ஸ் மலையில் ஒரு மாட்டின் கழுத்து மணிக்குப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்திருந்தார்கள். ஐஸ்லாந்தில் ஒருவர் கொதிக்கும் சேற்றுக் குளத்தின் ஓரத்தில் பிடித்துக்கொண்டு நின்றார். பெயர் தெரியாதவர்கள் "உங்கள் விண்வெளி வீரர் நலமாக இருக்கிறார்" என்று எழுதினார்கள். டி.வி. பார்ப்பதுபோல உட்கார்ந்திருக்கும் அப்பா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்பார்: "இப்ப எந்த ஸ்டேஷன் தாண்டியிருக்கு?"

அந்த வருஷம் ஐப்பசி மழை நிற்காமல் பெய்தது. உனக்குக் காய்ச்சல் வந்தது. நம் தெருவில் நாலைந்து வீடுகளில் காய்ச்சல் இருந்ததால் நீயும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உன் ரத்தத்தை நான்தான் எடுத்தேன். சின்ன வயதிலிருந்தே ஊசி என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வாய், அன்றும் காலண்டரைப் பார்த்துக்கொண்டு, "ஆச்சாம்மா?" என்றாய். ரிசல்ட்டில் டெங்கு என்று வந்தது. நானே டைப் செய்து, நானே கையெழுத்துப் போட்டேன்.

காய்ச்சல் விட்ட அன்று அப்பா நிம்மதியாக மூச்சுவிட்டு ரசம் சாதம் பிசைந்துகொண்டு வந்தார். எனக்கு மட்டும் பயம் அப்போதுதான் பிடித்தது. இந்த நோயில் காய்ச்சல் இறங்கிய பிறகு வரும் நாள்தான் மோசமானது என்பதை எத்தனையோ பேருடைய ரிப்போர்ட்டில் பார்த்திருக்கிறேன். உன் கை சில்லென்று இருந்தது. வயிறு வலிக்கிறது என்றாய். மறுபடி ரத்தம் எடுத்தேன். தட்டணுக்கள் எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு மெஷின் தப்பாகக் காட்டுகிறது என்று இன்னொரு முறை ஓட்டினேன். அதே எண்தான் வந்தது. அடுத்த அரைமணியில் குரோம்பேட்டை ஆஸ்பத்திரியில் இருந்தோம்.

உன் கம்பெனிப் பையன்கள் வரிசையாக வந்து ரத்தம் கொடுத்தார்கள். டாக்டர்கள் உட்காரக்கூட இல்லை. இடையில் ஒரு முறை நீ தெளிவாக இருந்தாய். போனைக் கேட்டாய். நான் மாட்டேன் என்றேன். பிடிவாதம் பிடித்தாய். வாங்கிப் பார்த்துவிட்டு, "அம்மா, ஐஸ்லாந்துல இருந்து நார்வேக்காரங்க யாரோ எடுத்திருக்காங்க. கப்பல்ல வேலையாம். வட துருவத்துப் பக்கம் போறாங்களாம்" என்றாய்.

"பேசாம படுடா."

"படுத்துட்டுதானே இருக்கேன்." உதடு காய்ந்திருந்தது; சிரிக்கும்போது வெடித்தது. "அங்கேருந்து போட்டோ போட்டா எனக்குக் காட்டு. தூங்கிட்டிருந்தாலும் எழுப்பு."

சரி என்றேன். மறுநாள் மத்தியானம் நீ போய்விட்டாய். உனக்கு இருபத்தேழு முடியவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, உறவுக்காரர்கள் எல்லாம் ஊருக்குக் கிளம்பிப் போன பிறகு அந்தப் படம் வந்தது. உன் போனை நான் அணைக்கவில்லை; ஹாலில் சார்ஜில் போட்டபடியே இருந்தது. மணி அடித்ததும் ஓடிப்போய் எடுத்தேன். கப்பல் விளக்கு வெளிச்சத்தில் படம் முழுக்க வெள்ளை. தடித்த கையுறை ஒன்றின் மேல் உன் நாணயம். பின்னால் பனிக்கும் வானத்துக்கும் நடுவில் கோடு எங்கே என்றே தெரியவில்லை. கீழே, "இதற்கு மேல் வடக்கே எனக்கு வழி தெரியாது. மகிழ்ச்சியாக இருங்கள்" என்று அந்த நார்வேக்காரப் பெண் எழுதியிருந்தாள்.

யாரை எழுப்புவது? போனை எடுத்துக்கொண்டு போய் அப்பாவிடம் கொடுத்தேன்.

அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு, "அதை வீட்டுக்கு வரச் சொல்லு" என்றார்.

"என்னங்க சொல்றீங்க? திரும்ப வேண்டாம்னு அவனே எழுதி வெச்சிருக்கான்."

"எழுதினப்போ உயிரோட இருந்தான்."

போனை என் கையில் திருப்பி வைத்தார்.

"அவன் தொட்ட பொருள்" என்றார். "எவன் எவன் கையிலயோ பனியில கிடக்குது. எனக்கு அது வேணும். நீ எழுது."

அதைச் செய்ய எனக்கு மனசில்லை. உன் வார்த்தையை அழித்து என் வார்த்தையைப் போடுவது, உன் அலமாரியைக் காலி செய்வதைவிடக் கஷ்டமாக இருந்தது. ஆனால் அந்த நாட்களில் அப்பா சரியாகச் சாப்பிடவில்லை, பேசவில்லை, குளிக்கக்கூட நான் சொல்ல வேண்டியிருந்தது. அவர் கேட்ட ஒரே பொருள் இது. எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எழுதினேன்: "இந்த நாணயத்தின் சொந்தக்காரர் இறந்துவிட்டார். அவருடைய அப்பா அம்மா இதற்காகக் காத்திருக்கிறார்கள். தயவுசெய்து சென்னைக்குக் கொண்டுவர உதவுங்கள்."

நீ நம்பமாட்டாய். உன் பெயர் தவிர உன்னைப் பற்றி எதுவும் தெரியாதவர்கள் வேலை மெனக்கெட்டு அதைக் கொண்டுவந்தார்கள். நார்வேப் பெண் அடுத்த கப்பலுக்குப் போகாமல் லீவு எடுத்து ஊருக்குத் திரும்பினாள். உன் ஜெர்மன்காரர் செய்தி பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தார். அவர் பேசியது பாதி புரியவில்லை, அழுதது புரிந்தது. அவரே காரை எடுத்துக்கொண்டு நாடு தாண்டிப் போய் அதை வாங்கிவந்தார். அங்கிருந்து துபாய்க்குப் போகும் ஒரு குடும்பத்திடம் கொடுத்தார். துபாயிலிருந்து பெங்களூரு. அப்பா மறுபடியும் கேட்க ஆரம்பித்தார்: "எந்த ஸ்டேஷன்?" பூஜை அலமாரியில் உன் படத்துக்குக் கீழே ஒரு சின்ன இடத்தைத் துடைத்துக் காலியாக வைத்தார். தினமும் துடைத்தார். அவர் இரண்டு வேளையும் சாப்பிட்டதால் நான் எழுதியது சரிதான் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன்.

அதற்குள் உன் முதல் வருடத் திதி வந்தது. ராமேஸ்வரம் போனோம். உன் போனை வீட்டை விட்டு வெளியே எடுத்துப்போக அப்பா சம்மதிப்பதில்லை. தொலைந்துவிடும் என்ற பயம். அதனால் அது ஹாலிலேயே இருந்தது. நாங்கள் கடலில் முங்கிக்கொண்டிருந்த நேரத்தில், பெங்களூரில் ஐடியில் வேலை பார்க்கும் ஒரு பெண் கூடுவாஞ்சேரியில் தோழியின் கல்யாணத்துக்கு வந்திருக்கிறாள், நாணயத்தோடு. நேரில் கொடுக்கிறேன், முகவரி சொல்லுங்கள் என்று மெயில் அனுப்பியிருக்கிறாள். பதில் இல்லாததால் மறுபடி அனுப்பியிருக்கிறாள். கிளம்ப வேண்டிய நேரம் வந்ததும் யோசித்திருக்கிறாள். நாணயம் முதன்முதலில் புறப்பட்ட பெட்டி பக்கத்தில்தானே இருக்கிறது, அதிலேயே வைத்துவிட்டால் அவர்களே வந்து எடுத்துக்கொள்வார்கள் என்று. மதகுக் கல்லின் அடியில் உன் டப்பாவில் வைத்து, படமும் எடுத்து அனுப்பிவிட்டு ரயில் ஏறிவிட்டாள்.

ராமேஸ்வரத்திலிருந்து வந்து கதவைத் திறந்ததும் அப்பா போனைத்தான் பார்த்தார். பையைக்கூட நான் கீழே வைக்கவில்லை. "வந்துடுச்சு" என்றார். "கூடுவாஞ்சேரி வந்துடுச்சு." ஒரு வருஷத்தில் அவர் குரல் அப்படி உயர்ந்து நான் கேட்டதில்லை. அந்த ஒரு முறை உன் போனையும் எடுத்துக்கொண்டு, அப்படியே தாம்பரம் ஸ்டேஷனுக்கு ஓடினோம்.

ஷேர் ஆட்டோவை விட்டு இறங்கியபோது இடம் தவறி வந்துவிட்டோம் என்று நினைத்தேன். சாலையோரத்தில் புதிதாக ஒரு வளைவு, கலர் கலராகக் கொடிகள், ஏதோ நகர் என்று ஒரு பெயர். உள்ளே கரை இல்லை. மதகு இருந்த இடத்தில் செம்மண் சமமாகப் பரப்பியிருந்தது. இரண்டு ஜே.சி.பி. ஓடிக்கொண்டிருந்தன. அந்தப் பெண் அனுப்பிய படத்தை மறுபடி பார்த்தேன். மதகுக்குப் பின்னால், ஓரத்தில், மஞ்சள் நிறத்தில் ஏதோ தெரிகிறது. முதலில் பார்த்தபோது கவனிக்கவில்லை.

வாட்ச்மேன் வந்தார். வயசானவர். "இன்னா சார், மனை பாக்க வந்தீங்களா?"

"இங்க ஒரு மதகு இருந்துச்சே" என்றேன்.

"முந்தாநேத்து இடிச்சாங்கம்மா. ரோடு போட வழி வேணும்னு. கல்லு, மண்ணு எல்லாம் வாரி பள்ளமா கீற மனைங்கள்ல கொட்டி மேவிட்டாங்க." அவர் கை அந்தப் பரப்பு முழுவதையும் ஒரு முறை சுற்றிவந்தது.

அப்பா அதற்குள் மண்ணில் இறங்கியிருந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குனிந்து, இரண்டு கையாலும் விலக்கிக்கொண்டிருந்தார். திதிக்கு மழித்த தலையில் வெயில் அடித்தது. வாட்ச்மேன் பதறிப்போய்ப் பக்கத்தில் போனார்.

"இன்னா சார் தேடுற? நகையா? இன்னா தொலைஞ்சுப்போச்சு?"

அப்பா நிமிர்ந்தார். "பையன்..." என்றார். பையனுடைய நாணயம் என்று சொல்ல வந்தவர்தான். மிச்ச வார்த்தை வரவில்லை. வாட்ச்மேன் என்னைப் பார்த்தார். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவர் திரும்பி ஜே.சி.பி. ஓட்டுபவர்களைப் பார்த்துக் கையை உயர்த்தி, "நிறுத்துங்கப்பா, கொஞ்ச நேரம் நிறுத்துங்க" என்று கத்தினார். இரண்டு மெஷினும் நின்றன. அவ்வளவு பெரிய இடம் திடீரென்று அமைதியானது. அந்த அமைதியில் அப்பா மண்ணைக் கிளறும் சத்தம் மட்டும் கேட்டது.

அன்று கிடைக்கவில்லை. அப்பா சல்லடை வாங்கி வாட்ச்மேன் கொட்டகையில் வைத்துவிட்டு, முடிந்த நாளெல்லாம் போனார். சலிக்கச் சலிக்கக் கூழாங்கல்லும் பீங்கான் துண்டுகளும் வந்தன. ஒரு நாள் உன் டிபன் டப்பாவின் மூடி கிடைத்தது, நசுங்கி. அதற்கப்புறம் இன்னும் வெறியாகச் சலித்தார். வேறு எதுவும் வரவில்லை. தார் ரோடு போட்டார்கள். மனைகளில் அஸ்திவாரம் தோண்டி கான்கிரீட் கொட்டினார்கள். ஒரு சாயங்காலம் சல்லடையை வாட்ச்மேனிடமே கொடுத்துவிட்டு வந்தார். செருப்பைக் கழற்றும்போது கேட்டார்: "பனியிலயே விட்டிருந்தா இப்பவும் சுத்திட்டிருக்குமோ?" நான் தண்ணீர் கொண்டுவர உள்ளே போய்விட்டேன்.

பெங்களூர்ப் பெண் போன் செய்து, "ஸாரி ஆன்ட்டி, ஸாரி ஆன்ட்டி" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். உன் மேல் ஒரு தப்பும் இல்லைம்மா என்றேன். உண்மையும் அதுதான். ஜெர்மன்காரர் அதே எண் போட்டு இன்னொன்று செய்து அனுப்புகிறேன் என்றார். அப்பா வேண்டாம் என்றுவிட்டார். இணையத்தில் உன் நாணயத்தின் பக்கத்தில் இருப்பிடம் தெரியவில்லை என்று போட்டிருக்கிறது.

போன மாதம் கூடுவாஞ்சேரியில் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். திரும்பும்போது அப்பா ஏரி இருந்த பக்கம் நடந்தார். நானும் கூடவே போனேன். ஏழெட்டு வீடுகள் எழும்பிவிட்டன. ஒன்றில் குடிவந்துவிட்டார்கள். வாசலில் மாவிலைத் தோரணம் இன்னும் காயவில்லை. நாங்கள் நின்று பார்ப்பதைப் பார்த்து அந்த வீட்டுப் பெண் வெளியே வந்தாள். உன் வயதுதான் இருக்கும்.

"யாரு வேணும் ஆன்ட்டி?"

"யாரும் இல்லைம்மா. சும்மா பார்க்க வந்தோம்."

"மனை பார்க்கவா? நல்ல இடம் ஆன்ட்டி, தண்ணி நல்லா இருக்கு" என்று உள்ளே போய் இரண்டு டம்ளரில் கொண்டுவந்தாள். படியில் உட்கார்ந்து குடித்தோம். சிமெண்டு வாசனை இன்னும் போகவில்லை. "உங்க பசங்களுக்காகப் பார்க்கறீங்களா?" என்று கேட்டாள்.

"ஒரே பையன்" என்றேன்.

"எங்க இருக்காரு?"

அப்பா டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். லேப்பில் இந்தக் கேள்வியை யாராவது கேட்காத வாரம் இல்லை. வெளிநாட்டில் இருக்கிறான் என்று சொல்லிச் சொல்லிப் பழகியிருந்தேன். அன்று அந்தப் படியில் உட்கார்ந்துகொண்டு அது வாயில் வரவில்லை.

"இங்கதாம்மா" என்றேன்.

"பக்கத்துலயே இருக்காரா? நிம்மதி ஆன்ட்டி. எங்க அம்மா என்னைப் பார்க்கணும்னா திருநெல்வேலியிலிருந்து வரணும்" என்றாள்.

அப்பா எழுந்து, குடித்து முடித்த டம்ளரை அவள் கையில் கொடுத்து, "வீடு நல்லா இருக்கும்மா. நல்லா இருங்க" என்றார்.

அதற்குப் பிறகு யார் கேட்டாலும் நான் வெளிநாடு என்று சொல்வதில்லை. இன்று காலையும் ரத்தம் கொடுக்க வந்த ஓர் அம்மா கையை நீட்டியபடியே கேட்டாள். இங்கதான் இருக்கான் என்றேன். அவள் மேலே எதுவும் கேட்கவில்லை. ஊசியை எடுத்து, பஞ்சை வைத்து, கையை மடக்கிக்கொள்ளச் சொன்னேன்.